தானா நின்னு தானா எந்திரிக்கிற டப்பா

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தாராவியில அக்கா வீட்டுக்குப் போய், நெட் ஏன் அடிக்கடி கட் ஆகுதுன்னு பார்த்துட்டு, மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடிச்சுட்டு வரணும்.

சாப்பாடு நல்லபடியா முடிஞ்சுது.

முந்தின நாள் செல்வி அக்கா போன் பண்ணினப்பவே என் தொழில் ரகசியத்தைச் சொல்லிட்டேன். அந்த நெட் டப்பாவை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, எல்லாம் சரியாயிரும்னு.

"அதைத்தாம்லே அதுவே பண்ணிக்கிட்டுக் கெடக்கு" அப்படின்னா.

நான் நெட்வொர்க் இன்ஜினியருங்க. பாந்திரா பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்துல உத்தியோகம். கழுத்துல அட்டை எல்லாம் உண்டு. எங்க சொந்தத்துல கம்ப்யூட்டர் படிச்சவன் நான் ஒருத்தன்தான்கிறதால பிரிண்டர், டிவி ரிமோட், ஒரு தடவை மிக்ஸிகூட என்கிட்ட வைத்தியத்துக்கு வந்திருக்கு. அதுல பிழைச்சது மிக்ஸி மட்டும்தான்.

அக்கா வீட்டு அமைப்பைச் சொல்லிடறேன். கீழ அத்தானோட தையல் பட்டறை. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறாங்க. இரும்பு ஏணி ஏறிப் போனா மேல மாளா. அதுதான் வீடு. நெட் லைன் கீழ வந்து, அங்க இருந்து பிரிஞ்சு, ஒரு வயர் அத்தானோட எம்பிராய்டரி மெஷினுக்கும் ஒரு வயர் மேல அக்காவோட கம்ப்யூட்டருக்கும் போகுது. அப்படிப் பிரிச்சுக் குடுக்கற சின்ன டப்பாவுக்குப் பேரு நெட்வொர்க் சுவிட்ச். லைட் போடற சுவிட்ச் இல்ல. பச்சை பச்சையா கண்ணு சிமிட்டிக்கிட்டு இருக்கும்.

போன தீபாவளிக்கு முன்னாடி அதை மாட்டினதே நான்தான். பட்டறையில தையல் மெஷின் பிடிக்காத பிளக் பாயிண்ட் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. சாமி படத்துக்குக் கீழ, சீரியல் லைட்டுக்காக வச்சது. அதனால சாமி படத்தை ஒட்டியே ஒரு ஆணி அடிச்சு டப்பாவைத் தொங்க விட்டேன். டப்பாவோட கரண்ட் வயர் கொஞ்சம் பத்தல. இழுத்து மாட்டினேன், எட்டிருச்சு. "புதுச் சாமான்லா மாப்ள, ஒரு பொட்டு வச்சிரு"ன்னார் அத்தான். சந்தனமும் குங்குமமும் வச்சு, போட்டோ எடுத்து, குடும்பக் குரூப்ல போட்டேன். ஊர்ல இருந்தெல்லாம் வாழ்த்து வந்துச்சு. இன்ஜினியர்னா சும்மாவா.

சரி, விஷயத்துக்கு வரேன். அக்கா எம்.ஏ. தமிழ். தபால்ல படிச்சது. படிச்சுட்டு இத்தனை வருஷமா அத்தான் பட்டறையில சட்டைக்குப் பட்டன் வச்சுக்கிட்டு இருந்தா. இப்ப துபாய்ல இருக்கற பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல தமிழ் சொல்லிக் குடுக்கற ஒரு இடத்துல அவளைப் பார்க்கக் கூப்பிட்டிருக்காங்க. அவளுக்குன்னு வர முதல் வேலை. மாதிரி கிளாஸ் எடுத்தப்ப ரெண்டு தடவையும் நடுவுல கட். அதை நடத்தற மேடம் ரொம்ப மரியாதையா சொல்லிட்டாங்களாம், வர வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு கிளாஸ், அதுவும் அறுந்து போச்சுன்னா வேற டீச்சரைப் பார்த்துக்கறோம்னு.

அந்தச் சந்துக்குள்ள மொபைல் சிக்னல் வராது. வைஃபை தகரத்தையும் துணி மூட்டையையும் தாண்டி மேல ஏறாது. ஆக அக்காவோட உத்தியோகம் அந்த டப்பா கையில. டப்பா என் கையில. எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு.

முதல் நாள் நான் பண்ணினது, கவனிச்சுப் பார்க்கறது. சாமி படத்துக்கு நேர் கீழ ஒரு ஸ்டூலைப் போட்டு, லேப்டாப்பை மடியில வச்சு, டப்பாவுல இருந்து ஒரு நெட் வயரை அதுல சொருகி, லைன் எப்ப அறுபடுதுன்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்தேன்.

அப்பத்தான் ஒண்ணு நடந்துச்சு. பட்டறைக்குள்ள வர ஆளுங்க ஒவ்வொருத்தரும் என் முன்னாடி ரெண்டடி தள்ளி நின்னு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு மெஷினுக்குப் போனாங்க. கட்டிங் மாஸ்டர் மாடசாமி அண்ணன் என் அப்பா வயசு. அவரும் கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமா போச்சு. படிப்புக்கு இன்னும் மரியாதை இருக்குன்னு நினைச்சேன். ஒவ்வொருத்தருக்கும் லேசா தலையாட்டி வச்சேன். ஒருத்தருக்கு, "நல்லா இருங்க"ன்னுகூடச் சொன்னேன்.

சாயங்காலம் வரைக்கும் டப்பா ஒரு தடவைகூட நிக்கல. பிரச்சனை சரியாயிருச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். ஆண்டாப் ஹில் பஸ் ஏறி உட்காரக்கூட இல்ல, அக்கா போன். நின்னு போச்சு.

"நீ இருந்தா பயந்துக்கிட்டு ஒழுங்கா இருக்குலே. பேசாம இங்கேயே உக்காந்துக்கிடேன்" அப்படின்னா. கிண்டல்னு நினைச்சேன். அவ சொன்னதுல இருந்த உண்மை புரிய எனக்கு வெள்ளிக்கிழமை ஆச்சு.

சரி, அடாப்டர்தான் போயிருக்கும்னு திங்கக்கிழமை புது அடாப்டர் வாங்கிட்டுப் போய் மாட்டினேன். இன்ஜினியருங்க எல்லாரும் முதல்ல சந்தேகப்படறது அடாப்டரைத்தான். அது வாய் திறந்து பேசாது. மறுநாள் காலையில பட்டறை திறந்த கையோட டப்பா வரிசையா நாலஞ்சு தடவை நின்னு எந்திரிச்சுதாம். எம்பிராய்டரி மெஷினுக்குப் பாதி டிசைன்தான் போய்ச் சேர்ந்து, ஒரு ஸ்கூலோட சின்னத்துல மயிலுக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணும் இல்ல.

"நல்ல ஸ்கூல்தான் போல" அப்படின்னு அத்தான் துணியைத் தூக்கிக் காட்டினார். நான் மயிலைப் பார்க்கல.

அடுத்து வோல்டேஜ். பட்டறை திறக்கற நேரத்துல நிக்குது, மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் நிக்குது, சாயங்காலம் மூடறப்ப நிக்குது. அப்படின்னா பக்கத்துல யாரோ பெரிய மோட்டார் போடறான்னு கணக்குப் போட்டேன். பக்கத்துக் கடை காதர் பாயோடது. ஸ்கூல் பை தைக்கிறார். பெரிய பிரஸ் மெஷின் வச்சிருக்கார். கழுத்து அட்டையைக்கூடக் கழட்டாம நேரா போய், உங்க மோட்டார் எங்க வோல்டேஜைத் தின்னுதுன்னு ஆரம்பிச்சு, ஒரு காகிதத்துல படம் வேற போட்டு விளக்கினேன்.

பாய் முழுசாக் கேட்டுட்டு, அரை கிளாஸ் கட்டிங் சாய் வரவழைச்சார். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு, வாங்க தம்பின்னு உள்ள கூட்டிட்டுப் போனார். பிரஸ் மெஷின் மேல துணி போட்டு மூடியிருந்துச்சு.

"மோட்டார் எரிஞ்சுபோய் காயில் கட்டக் குடுத்துருக்கேன். ஒரு வாரமா மெஷினே ஓடல" அப்படின்னார். அப்புறம் ரொம்ப அக்கறையா ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஆபீஸ்லயும் நெட் நின்னா பக்கத்து ஆபீஸ்லதான் போய்க் கேப்பீங்களா?"

அந்தக் காகிதத்தை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

அப்பவாவது அடங்கியிருக்கலாம். அடங்கல. யுபிஎஸ் வாங்கினேன். கரண்டே போனாலும் டப்பா போகாது. தாராவி சந்துல ஒரு யுபிஎஸ்ஸைத் தோள்ல தூக்கிட்டுப் போறது எப்படின்னா, எதிர்ல வர ஆளு, ஹேண்ட் கார்ட், தண்ணி டிரம் எல்லாத்துக்கும் வழி விட்டு விட்டு நீங்க புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துருவீங்க. ஒரு வழியா கொண்டுபோய்த் தரையில வச்சு, டப்பாவோட வயரை இன்னும் கொஞ்சம் கீழ இழுத்து அதுல சொருகினேன். வயர் வீணைக் கம்பி மாதிரி விறைப்பா நின்னுச்சு. பார்க்க நீட்டா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன்.

அன்னையில இருந்து முன்னைவிட அதிகமா நின்னுச்சு.

சூடுதான் காரணம்னு ஒரு யோசனை வந்து, ஒரு குட்டி ஃபேனை டப்பாவைப் பார்த்துத் திருப்பி வச்சேன். டப்பா குளிர்ந்துச்சா தெரியாது, சாமி விளக்கு அணைஞ்சு போச்சு. அத்தான் ஃபேனை எடுத்து என் கையில குடுத்தார். விளக்கை மறுபடி ஏத்தினார். ஆறு மாசப் பேச்சு அதுல இருந்துச்சு.

வியாழக்கிழமை கடைசி அஸ்திரம். டப்பாவையே மாத்தறது. என் வீட்டுல இருந்த புது சுவிட்ச் ஒண்ணைக் கொண்டுவந்து அதே ஆணியில மாட்டினேன். பழசு செத்துப்போச்சுன்னு அறிவிச்சுப் பைக்குள்ள போட்டேன். அத்தான் சந்தனக் கிண்ணத்தோட தயாரா நின்னார். இந்தத் தடவை நல்லா பெரிய பொட்டா வச்சேன். பிரச்சனை பெருசு பாருங்க. அத்தான் தன் பங்குக்கு ஒரு முழம் மல்லிகைப் பூவும் சுத்தினார்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. நான் அரை நாள் லீவு போட்டுட்டு மாளாவுல அக்கா பக்கத்துல உட்கார்ந்துட்டேன். அவ பட்டுப் புடவை கட்டியிருந்தா. கேமராவுல கழுத்து வரைக்கும்தான் தெரியும், இருந்தாலும். மவுஸைத் தப்புத் தப்பா அழுத்திக்கிட்டு இருந்தா. பட்டன் வைக்கிறப்ப ஒரு தையல் பிசகாத கை அது.

"நிக்காதுல்ல?"ன்னு கேட்டா.

"புது அடாப்டர், புது யுபிஎஸ், புது சுவிட்ச். இனி நிக்கணும்னா நான்தான் நிக்கணும்" அப்படின்னேன். இப்படி வாயைக் குடுத்தது நான்தான், வேற யாரும் இல்ல.

கிளாஸ் ஆரம்பிச்சுது. ஸ்கிரீன்ல குட்டிக் குட்டி முகங்க. மூலையில அந்த மேடம். அக்கா ஒரு காக்கா கதை சொல்லி அதுல இருந்து எழுத்து சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா. என் அக்காவை நான் அப்படிப் பார்த்ததே இல்ல. அந்தப் பதட்டம் எங்க போச்சுன்னே தெரியல. காக்காவா மாறிட்டா. பிள்ளைங்க வாயைப் பொளந்து கேக்குதுங்க. நானே டப்பாவை மறந்துட்டேன், உண்மையைச் சொல்றேன்.

காக்கா கிணத்துக் கட்டையில உட்கார்ந்து உள்ள எட்டிப் பார்க்குது. உள்ள இருந்து ஒரு சத்தம்.

அத்தனை முகமும் அப்படியே உறைஞ்சு போச்சு. அப்புறம் ஸ்கிரீன் கறுப்பு.

அக்கா என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தா, அவ்வளவுதான்.

நான் ஏணியில இறங்கினேன்னு சொல்ல முடியாது. பாதிக்கு மேல விழுந்தேன். கீழ போய்ப் பார்த்தா, வேலை முடிஞ்சு கிளம்பற நேரம். வெள்ளிக்கிழமை வேற. ஆளுங்க எல்லாரும் கை கால் கழுவிட்டு சாமி படத்துக்கு முன்னாடி வரிசையா நிக்கறாங்க. முதல் ஆளு மாடசாமி அண்ணன். சாமியைக் கும்பிட்டார். அப்புறம் கையை நீட்டி என் டப்பாவோட பொட்டை அழுத்தித் தொட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டார்.

அவர் தொட்டதும் டப்பா ஒரு ஆட்டம் ஆடுச்சு. விறைப்பா இருந்த வயர் பின்னாடி சொருகின இடத்துல ஒரு நூல் அளவு விலகி, மறுபடி ஒட்டிக்கிச்சு. பச்சைக் கண்ணுங்க எல்லாம் அணைஞ்சு, மறுபடி ஒவ்வொண்ணா எரிஞ்சுது. அடுத்த ஆளு கையை நீட்டினார்.

நான் பாஞ்சு போய்க் கையைப் பிடிச்சுட்டேன். என்ன பண்றீங்கன்னு கேட்டேன்.

மாடசாமி அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாமி கும்பிடுதோம்."

"அண்ணே, இது சாமி இல்ல. நெட் டப்பா."

"நீங்கதான தம்பி பொட்டு வச்சீய?"

நான் பிடிச்சிருந்த கையை விட்டுட்டேன்.

"நேத்து அத இன்னும் பெருசாவும் வச்சீய. பூ வேற. பொட்டு வச்சதத் தொட்டுக் கும்பிடாம எப்படித் தாண்டிப் போக? அன்னைக்கு நீங்க கீழ உக்காந்திருந்தீய, எட்டல. அதான் தள்ளி நின்னு கும்பிட்டுட்டுப் போனோம்."

அப்ப அன்னைக்குக் கும்பிட்டது என்னை இல்ல. "நல்லா இருங்க"ன்னு நான் ஆசீர்வாதம் பண்ணின அந்த ஆளும் வரிசையில நின்னுக்கிட்டு இருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கல. நல்ல மனுஷன்.

பட்டறை திறக்கும்போது ஒரு கும்பிடு, சாப்பிட்டு வந்ததும் ஒரு கும்பிடு, மூடும்போது ஒரு கும்பிடு. இதைத்தான் நான் காதர் பாய்க்குப் படம் போட்டு விளக்கினது.

அதெல்லாம் யோசிக்க அப்ப நேரம் இல்ல. மேல அக்கா குரல் மறுபடி கேட்டுச்சு, லைன் வந்துருச்சு. வயரைச் சரி பண்ணணும்னா கழட்டணும். கழட்டினா கட். அதனால டப்பாவையும் வயரையும் சேர்த்து ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். காது மேல அக்கா குரல்லயே இருக்கட்டும்னு கண்ணை மூடிக்கிட்டேன். வரிசையில நின்னவங்க, இவருக்கு நம்மளவிட பக்தி அதிகம்னு நினைச்சிருப்பாங்க. தொடாம, என் பின்னாடி நின்னு கும்பிட்டுட்டுக் கிளம்பினாங்க. யூனிஃபார்ம் அளவு குடுக்க வந்த ஒரு அம்மா, என்னைப் பார்த்துட்டு அவங்க பையனைச் செருப்பைக் கழட்டச் சொன்னாங்க.

கை மரத்துப் போச்சு. மூக்கு அரிச்சுது. விடல. கிளாஸ் முடியற வரைக்கும் விடல. இந்த ஒரு வாரத்துல நான் பண்ணின உருப்படியான வேலை அது ஒண்ணுதான்.

அப்புறம் அக்கா ஏணியில இறங்கி வந்தா. முகத்தைப் பார்த்தா ஒண்ணும் புரியல. மேடம் என்ன சொன்னாங்கன்னு அத்தான்தான் கேட்டார். எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல.

"லைன் சரியில்ல, அதச் சரி பண்ணிக்கிடுங்கன்னாவ" அப்படின்னா. "ஆனா கட் ஆனப்ப ஒரு பிள்ளகூட எந்திரிச்சுப் போகலையாம். கிணத்துக்குள்ள என்னன்னு கேட்டுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்துச்சாம். வேற டீச்சருக்கெல்லாம் லைன் நல்லா இருக்கும்போதே ஓடிரும்னாவ." அதுக்கு மேல சொல்ல முடியாம புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "திங்கக்கிழமையில இருந்து வரச் சொல்லிட்டாவ."

நானும் அழுதேன். கை வலின்னு சொல்லிக்கிட்டேன்.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு முதல் வேலையா ஒரு ஈரத்துணியை எடுத்தேன், பொட்டை அழிச்சுரலாம்னு. அத்தான் என் கையைப் பிடிச்சுட்டார்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா பொட்ட அழிப்பியா மாப்ள? இன்னைக்குத்தான் அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு."

சனிக்கிழமை வந்து அழிக்கிறேன்னேன். வச்ச பொட்டை எந்தக் கிழமையும் அழிக்கக் கூடாதுன்னார். தொடாதீங்கன்னு எழுதி ஒட்டலாம்னேன். சாமி பக்கத்துல அப்படி எழுதினா வேலைக்கே ஆளு வராதுன்னார் மாடசாமி அண்ணன்.

கடைசியில இப்படி முடிஞ்சுது. நல்ல டப்பாவைப் பொட்டும் பூவுமா மேல கொண்டுபோய், மாளாவுல அரிசி டின்னுக்குப் பின்னாடி, கீழ வரைக்கும் தாராளமா வயர் விட்டு மாட்டியாச்சு. அது யார் கண்ணுலயும் படாது. கீழ ஆணி காலியா இருந்தா எல்லாருக்கும் மனசு சங்கடப்படும்ல? அதனால செத்துப்போச்சுன்னு நான் அறிவிச்ச பழைய டப்பாவைப் பையில இருந்து எடுத்து அங்க மாட்டினேன். பழைய பொட்டு அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு வயர் கிடையாது, ஒரு இணைப்பு கிடையாது. கண்ணு சிமிட்டலையேன்னு மாடசாமி அண்ணன் வருத்தப்பட்டார். அத்தான் சீரியல் லைட்டை அது மேல ஒரு சுத்து சுத்தி விட்டுட்டார்.

யுபிஎஸ் இப்ப பட்டறையில ஸ்டூலா இருக்கு. காதர் பாய்க்கு மோட்டார் வந்துருச்சு. என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஓட விடலாமா தம்பின்னு அனுமதி கேக்கறார். அக்கா கிளாஸ் ஒரு தடவைகூட கட் ஆகல.

நேத்து கிளம்பும்போது நானும் கீழ இருக்கற டப்பாவைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். நான் மாட்டினதுல, எத்தனை பேர் தொட்டாலும் நிக்காத ஒரே சுவிட்ச் அதுதான்.